நாயகி ஏற்கெனவே ஓர் அம்மா: காதலும் தாய்மையும் சேர்ந்த நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

காதல் நாவல்களில் குழந்தை பெரும்பாலும் எபிலாக்கில்தான் பிறக்கும். கல்யாணம் முடிந்து, தப்பெண்ணங்கள் தீர்ந்து, "இரண்டு வருடங்களுக்குப் பிறகு" என்று ஒரு தலைப்பைப் போட்டு, நாயகன் கையில் குழந்தையைக் கொடுத்துக் கதையை முடித்துவிடுவோம். இந்த வழிகாட்டி வேறு மாதிரிக் கதைகளுக்கானது. நாயகி முதல் பக்கத்திலேயே அம்மா, அல்லது கதை நடக்கும்போதே அம்மா ஆகிறாள். காதலும் அந்த வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும்.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. சங்க அகப்பாடல்களில் மருதத் திணைத் தலைவி பல இடங்களில் ஒரு மகனுக்குத் தாய். வெளியே போய்த் திரும்பிய தலைவனுக்கு அவளுடைய ஊடலைத் தீர்க்க உதவும் வாயில்களில், அதாவது தூது போகிறவர்களில், அந்தச் சிறுவனும் ஒருவன். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் 'செவிலி கூற்றுப் பத்து' என்று பத்துப் பாடல்கள் இருக்கின்றன. மகனோடு வாழும் தலைவனையும் தலைவியையும் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது தலைவியை வளர்த்த தாய், அந்த இன்பத்தைச் சொல்கிறாள். முதல் பாட்டிலேயே (401) இருவருக்கும் நடுவில் மகன் படுத்திருக்கிறான். காதலையும் தாய்மையையும் தனித்தனி அறையில் வைக்கும் பழக்கம் நமக்குப் பிற்பாடு வந்ததுதான்.

சரி, இப்படிப்பட்ட கதையின் முரண் எங்கே இருக்கிறது? வில்லனிடம் இல்லை, சமூகத்தின் வாயிலும் முழுக்க இல்லை. அவளுடைய நேரத்தில் இருக்கிறது. அவளுடைய நேரம், உடம்பு, கவனம் மூன்றும் ஏற்கெனவே ஒருவருக்கு ஒப்படைக்கப்பட்டவை. அந்த நேரத்துக்குள் இன்னொருவர் எப்படி இடம் பிடிக்கிறார் என்பதுதான் கதை. கீழே உள்ள படிகள் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

படி 1: எந்தக் கட்டத்துத் தாய் என்று முடிவு செய்யுங்கள்

'அம்மா' என்று பொதுவாக ஒருத்தி கிடையாது. குழந்தையின் வயது மாறினால் கதையின் வகையே மாறிவிடும்.

கர்ப்பிணி நாயகி என்றால் கதைக்கு ஒரு கெடு தானாகவே கிடைக்கிறது. பிரசவத் தேதி நெருங்க நெருங்க வேகம் கூடும். கைக்குழந்தை வைத்திருப்பவள் எழுதக் கடினமான நாயகி. அவளுக்குத் தூக்கமில்லை, வெளியே போவதில்லை, புதிதாக யாரையும் சந்திக்கும் வாய்ப்பும் குறைவு. அந்தக் கதையில் நாயகன் ஏற்கெனவே பக்கத்தில் இருப்பவனாக இருப்பது நல்லது: பழைய நண்பன், பக்கத்து வீட்டுக்காரன், ஏன், கணவனாகக்கூட இருக்கலாம். குழந்தை பிறந்த பிறகு விலகிப்போன கணவனும் மனைவியும் மறுபடி காதலிக்கும் கதையை நம் ஆட்கள் ஏன் இவ்வளவு குறைவாக எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

3 முதல் 7 வயதுக் குழந்தை என்றால் எழுதுவது சுலபம். பேசும், கேள்வி கேட்கும், எதிர்பாராத நேரத்தில் எதையாவது உளறிக் காட்சியைத் திருப்பிவிடும். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். மகளும் அம்மாவும் ஒரே நேரத்தில் ஃபோனை ஒளித்துக்கொண்டு அலையும் வீட்டில் நகைச்சுவைக்குப் பஞ்சமே இருக்காது. தத்தெடுத்தவள், இரண்டாம் தாரமாக வந்து இன்னொருத்தியின் பிள்ளைக்கு அம்மா ஆகிறவள் ஆகியோரின் கதையில் காதல் இரண்டு: ஒன்று அவனோடு, இன்னொன்று அந்தக் குழந்தையோடு. இரண்டாவதுதான் பெரும்பாலும் கூடுதல் சுவாரசியம்.

முதல் நாவல் என்றால் 3 முதல் 7 வயதைத் தேர்ந்தெடுங்கள்.

உதாரணத்துக்காக ஒரு கதையை இங்கேயே கட்டிக்கொண்டு போகலாம். தேன்மொழி, 33 வயது. ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பது வேலை. வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் பதிவு செய்கிறாள். மகன் அகிலுக்கு 4 வயது. அகிலின் அப்பா பிரிந்து போய்விட்டார், ஆனால் தொடர்பில் இருக்கிறார். மாறன் அவளுடைய பதிவுகளைத் திருத்தும் ஒலிப்பொறியாளன், வேறோர் ஊரில் இருக்கிறான். அவளைப் பார்த்ததில்லை. ஆனால் பதிவின் நடுவே வரும் "அம்மா, சுச்சு" என்ற குரலை வாரத்துக்கு நாலு தடவையாவது வெட்டி எடுக்கிறான். அதாவது, தாயும் பிள்ளையும் அவன் காதுக்குள் ஒன்றாகத்தான் வருகிறார்கள். அவன் தாயை மட்டும் தனியாகக் காதலிக்க வழியே இல்லாதபடி கதை தொடங்குகிறது.

படி 2: நாட்காட்டி போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கும் நாவல்கள்தான் அதிகம். வாசகிகளில் பலர் பிள்ளை வளர்த்தவர்கள். இரண்டு மாதக் குழந்தை "ம்மா" என்று கூப்பிட்டால் அங்கேயே அவர்களுடைய நம்பிக்கை போய்விடும்.

முதலில் கர்ப்பம். 40 வாரம் என்ற கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உருவாவது ஏறத்தாழ 2 வாரம் கழித்து. ஆகவே "8 வாரக் கர்ப்பம்" என்று மருத்துவர் சொன்னால், அந்த இரவு நடந்து 6 வாரம்தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்குத் தெரியாத நாயகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தப்பாகச் சந்தேகப்படுவதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம். ஆனால் எழுத்தாளருக்கே கணக்குத் தெரியாவிட்டால் கதை சிக்கிக்கொள்ளும்.

குமட்டல் பெரும்பாலும் 6-வது வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். மறுநாள் காலையில் வாந்தி எடுக்கும் நாயகிக்கு வேறு ஏதோ உடம்பு சரியில்லை. மயங்கி விழுந்தவளின் நாடியைப் பிடித்துப் பார்த்து "நீங்க அம்மா ஆகப் போறீங்க" என்று சொல்லும் டாக்டரையும் தயவுசெய்து ஓய்வெடுக்க விடுங்கள். கர்ப்பத்தை உறுதி செய்வது சிறுநீரிலோ ரத்தத்திலோ இருக்கும் ஹெச்சிஜி என்ற ஹார்மோன். அது தெரிய, உறவுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரமாவது ஆகும். குழந்தையின் அசைவை முதல் கர்ப்பத்தில் பலரும் 18 முதல் 20 வாரத்தில்தான் உணர்வார்கள். பனிக்குடம் உடைந்து வலி தொடங்குவது சினிமாவில் எப்போதும் நடக்கும். உண்மையில் நிறைமாதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் வலிக்கு முன்னால் பனிக்குடம் உடைகிறது. முதல் பிரசவத்தில் வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு பேர் பேசித் தீர்க்க எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுவது பெரிய நஷ்டம்.

அப்புறம் குழந்தை. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் மட்டும்; கையில் ஏந்தியவரின் முகம் இருக்கும் தூரம். ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆனால் துண்டு துண்டாக. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முகம் பார்த்துச் சிரிப்பது 6 முதல் 8 வாரத்தில். துணையில்லாமல் உட்காருவது 6 மாதத்தை ஒட்டி. 8 மாத வாக்கில் புது முகத்தைக் கண்டால் அழ ஆரம்பிக்கும். முதல் சொல் ஒரு வயதை ஒட்டி, நடையும் கிட்டத்தட்ட அப்போதுதான், ஆனால் 9 மாதத்திலிருந்து 18 மாதம் வரை எப்போதும் வரலாம்.

இந்தத் தகவல்களைத் தகவலாகக் கதையில் கொட்ட வேண்டாம். காதல் காட்சிக்குப் பயன்படுத்துங்கள். 5 மாதக் குழந்தை நாயகனிடம் உடனே தாவிவிடும். அது காதலுக்குச் சான்றிதழ் ஆகாது, அந்த வயதுக் குழந்தை அநேகமாக யாரிடமும் போகும். 9 மாதக் குழந்தை அவனைப் பார்த்து வீறிட்டு அழும். அவன் அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளாமல், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தூரத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று நாயகிக்குத் தெரிந்துவிடும். நீங்கள் ஒரு வரிகூட விளக்க வேண்டியதில்லை.

தாயின் உடம்புக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளை ஒட்டிக் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பொதுவானது. இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பத்துத் தாய்களில் ஒருவருக்காவது வருவது அது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நாயகனின் அணைப்பால் குணமானதாக எழுதாதீர்கள். அவன் செய்யக்கூடிய காதல் காரியம், அவளை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் அந்த நேரத்தில் குழந்தையை வைத்திருப்பதும். மூன்று மாத வாக்கில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பால் கொடுக்கும் காலத்தில் புரோலாக்டின் கூடி ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பலருக்கு உடல் ஆசை மங்கிப்போகும். எங்கேயோ ஒரு குழந்தை அழுதால் இவளுக்குப் பால் சுரந்து உடை நனைந்துவிடும். முதல் சந்திப்பில் அப்படி நடந்தால்? சங்கடம், சிரிப்பு, நெருக்கம் மூன்றும் ஒரே காட்சியில் கிடைக்கும். எந்த வசனமும் அவ்வளவு தராது.

படி 3: நாயகியின் ஒரு நாளை மணி வாரியாக எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, காலை கண் விழிப்பதிலிருந்து மறுநாள் கண் விழிப்பது வரை எழுதுங்கள். யார் எழுப்புகிறார்கள், யார் குளிப்பாட்டுகிறார்கள், அவள் எப்போது வேலை பார்க்கிறாள், அவள் வேலையாக இருக்கும்போது பிள்ளை யாரிடம். எல்லாம் எழுதி முடித்த பிறகு அவளுக்கென்று மிச்சம் இருக்கும் இடைவெளிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். உங்கள் காதல் கதைக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

தேன்மொழிக்கு இரண்டு வட்டம் கிடைத்தது. ஒன்று, மதியம் அகில் தூங்கும் ஒன்றரை மணி நேரம். வீட்டில் சத்தமில்லாத ஒரே நேரம் அது, அதனால் ஒலிப்பதிவும் அப்போதுதான். இன்னொன்று, இரவு அவன் தூங்கிய பிறகு, இவள் தூங்கி விழுவதற்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பதிவை அனுப்புகிறாள். மாறனின் ஃபோனும் அப்போதுதான் வரும்.

"இன்னிக்கு பதினேழாவது நிமிஷத்துல ஒரு சத்தம் வந்துச்சு."

"அகில் கட்டில்ல இருந்து விழுந்துட்டான்."

"ஐயோ, அடிபட்டுச்சா?"

"இல்ல. தூங்கிக்கிட்டே விழுந்து, கீழேயும் தூங்கிக்கிட்டுதான் இருந்தான்."

"நீங்க பாதி வரியில நிறுத்திட்டுப் போயிருக்கீங்க. திரும்பி வந்து அதே வரியை அதே சுருதியில எடுத்திருக்கீங்க. வெட்டின இடம் எனக்கே தெரியல."

இதில் காதல் என்ற சொல் இல்லை. "நீங்க அழகா இருக்கீங்க" இல்லை. ஆனால் அவள் பாதியில் விட்டுப் போனதையும் திரும்பி வந்து சரியாகத் தொடர்ந்ததையும் ஒருவன் கவனித்திருக்கிறான். இரண்டு வேலையையும் ஒன்றாகச் சுமக்கும் ஒருத்திக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உங்கள் நாயகியின் நாளிலும் இப்படி யாரும் கவனிக்காத ஒரு திறமை இருக்கும். அதைக் கண்டுபிடிப்பவன்தான் நாயகன்.

படி 4: பிள்ளையைத் தவிர அவளுக்கு என்ன வேண்டும்?

"என் பிள்ளை நல்லா இருந்தா போதும்" என்று சொல்லும் நாயகியை வைத்து முந்நூறு பக்கம் ஓட்ட முடியாது. தியாகம் நல்ல குணம்தான், ஆனால் அதற்குக் கதையை நகர்த்தத் தெரியாது. ஆசைதான் நகர்த்தும். அவளுக்கு ஒரு வேலையில் பெயர் வாங்க வேண்டும், விட்டுப்போன படிப்பை முடிக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க யாரும் தொடாமல் தனியாக இருக்க வேண்டும் என்று ஏதாவது ஒன்று, குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கட்டும்.

அதோடு, காதலை ஏன் தள்ளிப் போடுகிறாள் என்பதற்கு வெளிக்காரணம் ஒன்று, உள்காரணம் ஒன்று வேண்டும். வெளிக்காரணம் "பிள்ளை என்ன நினைப்பான்". அதை எல்லோரும் எழுதுவார்கள். உள்காரணம்தான் உங்கள் சரக்கு. தேன்மொழிக்கு அது இப்படி: அம்மாவாக இருப்பதில் அவள் கெட்டிக்காரி, மனைவியாக இருந்ததில் அவளுக்குத் தோல்விதான் ஞாபகம் இருக்கிறது. ஜெயித்த இடத்தை விட்டுத் தோற்ற இடத்துக்குப் போக யாருக்குத்தான் மனசு வரும்? இதை அவளே 20-வது அத்தியாயம் வரை சொல்லக்கூடாது.

படி 5: நாயகனைத் தேர்வு எழுத விடாதீர்கள்

இந்த வகைக் கதைகளில் நாயகனுக்கு ஒரு தேர்வு வைப்பது வழக்கம்: குழந்தையிடம் நன்றாக நடந்துகொள்கிறானா? தேர்ச்சி பெற்றால் அம்மா பரிசு. இது மூன்று பேரையும் சின்னவர்கள் ஆக்கிவிடுகிறது. குழந்தை வினாத்தாள், அவள் பரிசு, அவன் மாணவன்.

அவனுக்கென்று ஒரு வாழ்க்கை கொடுங்கள். குழந்தைகளோடு பழக்கமில்லாதவனாக இருக்கலாம், பயப்படலாம், தப்பாக ஏதாவது சொல்லலாம். பிள்ளைகளை ஆரம்பத்திலேயே மயக்கிவிடும் நாயகனைவிட, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நாலு வயதுப் பையனோடு பெரிய மனிதனிடம் பேசுவதுபோல் பேசும் நாயகன் நூறு மடங்கு காதலுக்குரியவன். கோடீஸ்வரனாக இருந்தால் பரவாயில்லை, ஆனால் ஆயா ஒருத்தியை வேலைக்கு வைத்து அவளுடைய நேரப் பிரச்சினையைப் பணத்தால் தீர்த்துவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது.

முக்கியமான ஒன்று: எந்த இடத்திலும் அவன் "நான் உனக்கு அப்பாவா இருக்கேன்" என்று குழந்தையிடம் முதலில் சொல்லக் கூடாது. அந்த உறவுக்குப் பெயர் வைக்கும் உரிமை குழந்தையுடையது.

படி 6: குழந்தையைக் குழந்தையாகப் பேச விடுங்கள்

"அங்கிள், அம்மா ரொம்பத் தனியா இருக்காங்க. நீங்க அவங்களைப் பார்த்துக்குவீங்களா?" என்று கேட்கும் நாலு வயதுப் பிள்ளையை நான் எங்குமே பார்த்ததில்லை, கதைகளில் தவிர. அது எழுத்தாளரின் குரல். குழந்தைக்குத் தன் உலகம்தான் பெரிது. பெரியவர்களின் காதலில் அதற்கு அக்கறை இல்லை.

"நீ அம்மாவோட ஃபிரண்டா?"

"ஆமா."

"என் ஃபிரண்டு கடிப்பான். நீ கடிப்பியா?"

"இல்ல."

"ஏன்?"

இதற்கு மாறன் உண்மையிலேயே யோசிக்கிறான். அவ்வளவு போதும்.

மழலைக்காக எல்லா வார்த்தையையும் சிதைத்து எழுதவும் வேண்டாம். இரண்டு வயதை நெருங்கும் குழந்தை இரண்டு சொல் சேர்த்துப் பேசும், 4 வயதில் முழு வாக்கியம் வந்துவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லட்டும், அதையே திரும்பத் திரும்பச் சொல்லட்டும். பின்னால் அந்தச் சொல்லை நாயகனும் தெரியாமலே சொல்லிவிடும்போது அவன் அந்த வீட்டுக்காரன் ஆகிவிட்டான் என்று வாசகருக்குப் புரியும்.

படி 7: குழந்தையின் அப்பா

இறந்தவர், பிரிந்தவர், குழந்தை இருப்பதே இன்னும் தெரியாதவர் என்று மூன்று வகை. இறந்தவரைத் தெய்வமாக்காதீர்கள், அவரிடமும் எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று இருந்திருக்கட்டும். பிரிந்தவரைக் குடிகாரனும் அடிப்பவனுமாக ஆக்குவது சுலபம், ஆனால் அப்புறம் நாயகன் வெறுமனே அடிக்காமல் இருந்தாலே உத்தமன் ஆகிவிடுகிறான். நல்ல அப்பாவாகவும் மோசமான கணவனாகவும் ஒருவர் இருக்க முடியும். அகிலின் அப்பா அப்படித்தான். சனிக்கிழமை தவறாமல் வருவார். அவர் வந்து பிள்ளையை அழைத்துப் போகும் அந்தச் சனிக்கிழமைதான் தேன்மொழிக்குக் கிடைக்கும் மூன்றாவது இடைவெளி. பழைய கணவர் வராவிட்டால் புதுக் காதலுக்கு நேரமே கிடைக்காது என்ற நிலைமை எவ்வளவு சிக்கலானது பாருங்கள்!

மூன்றாவது வகைதான் நம் வாசகர்கள் விழுந்து விழுந்து படிக்கும் ரகசியக் குழந்தைக் கதை: குழந்தை இருப்பதே நாயகனுக்குத் தெரியாது. எழுதலாம், தவறில்லை. ஆனால் ஏன் மறைத்தாள் என்ற காரணம் வாசகர் தலையாட்டும்படி இருக்க வேண்டும். ஒரே ஒரு ஃபோனில் தீர்ந்திருக்கக் கூடிய விஷயத்துக்கு ஐந்து வருடப் பிரிவு என்றால் கோபம் நாயகி மேல் வரும். அவன் இழந்த வருடங்களுக்கான துக்கத்துக்கும் இடம் கொடுங்கள். முதல் நடை, முதல் சொல், முதல் சிரிப்பு எல்லாம் இல்லாமல் போன ஒருவனின் கோபம் நியாயமானது. அதை இரண்டு பக்கத்தில் மன்னிப்பாக மாற்றிவிடாதீர்கள்.

படி 8: அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தொடராக எழுதுகிறீர்கள் என்றால் ஓர் எபி (எபிசோட், அதாவது ஓர் அத்தியாயம்) 1,200 முதல் 1,800 சொற்கள், மொத்தம் 30 முதல் 40 எபி என்று வைத்துக்கொண்டால் 50,000 சொற்களை ஒட்டி ஒரு நாவல் வந்துவிடும். நான்கு பகுதியாகப் பிரிக்கலாம். முதல் பகுதியில் அவளுடைய நாளும் அதற்குள் அவன் நுழைவதும். இரண்டாவதில் இடைவெளிகள் பழக்கமாகின்றன. மூன்றாவதில் குழந்தைக்குத் தெரிய வருகிறது. நான்காவதில் அந்த இடைவெளியே பறிபோகிறது, பிறகு வேறு மாதிரி திரும்பக் கிடைக்கிறது.

நாயகனும் குழந்தையும் நேரில் சந்திப்பதை அவசரப்படுத்த வேண்டாம். என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கதை முடிந்த பிறகுதான் அது நடக்க வேண்டும். பொறுப்பான தாய் எவளும் அதற்கு முன் அறிமுகம் செய்ய மாட்டாள், வாசகருக்கும் காத்திருக்க ஒன்று வேண்டும்.

படி 9: நெருக்கமான காட்சிகள்

அம்மாவின் உடம்பை நாள் முழுக்க யாரோ தொட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் அவளுக்குத் தொடுதல் என்றாலே சில நாள் சலிப்பாகக்கூட இருக்கும். அவன் கையைப் பிடிக்கும்போது மெய்சிலிர்ப்பதாக எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டுத் தொடுபவன், கேட்டுவிட்டுத் தொடாமலும் இருப்பவன் இங்கே கவர்ச்சியானவன்.

சிசேரியன் தழும்பு, வயிற்று வரிகள் ஆகியவற்றை அவன் முத்தமிட்டு "இதுதான் அழகு" என்று சொல்லும் காட்சி தேய்ந்துபோய்விட்டது. அவள் தழும்பைப் பற்றிக் கவலைப்படாதவளாக இருந்தால் என்ன? கவலைப்பட்டது எல்லாம், கதவு சாத்தியிருக்கிறதா, பிள்ளை விழித்துக்கொள்வானா என்பதாக இருந்தால்? பாதியில் கலைந்துபோகும் காட்சிகளை ஒன்றிரண்டு வைக்கலாம். எல்லாமே கலைந்தால் வாசகர் உங்கள் மேல் கோபப்படுவார்.

படி 10: காய்ச்சல் வேண்டாம்

உச்சக்கட்டத்தில் குழந்தைக்கு 104 டிகிரி காய்ச்சல், அல்லது கடத்தல், அல்லது விபத்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்துச் சமாதானம். எத்தனை நாவல்! குழந்தையைச் சாகக் கிடத்தித்தான் இரண்டு பேரைச் சேர்க்க முடியும் என்றால் அவர்களுக்குள் காதல் இல்லை, பயம்தான் இருக்கிறது.

நெருக்கடி படி 3-இல் போட்ட அட்டவணையிலிருந்து வரட்டும். பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் மதியத் தூக்கத்தை விட்டுவிடுவார்கள். அகிலும் விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் நெருக்கடி. சத்தமில்லாத அந்த ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பதிவை இரவுக்குத் தள்ள வேண்டும், ஆகவே மாறனோடு பேசும் முக்கால் மணி நேரமும் போயிற்று. கெடு தவறுகிறது, புத்தகம் கைவிட்டுப் போகும் நிலை, அவள் யாரிடமும் சொல்லாமல் ஃபோனை எடுப்பதை நிறுத்துகிறாள். அவன் அதை விலகல் என்று நினைக்கிறான்.

இங்கே நாயகன் என்ன செய்கிறான் என்பதில்தான் உங்கள் கதை நிற்கும். ஓடி வந்து கதவைத் தட்டுவது ஒரு வழி. ஆனால் அப்படி வந்தால் அவளுக்கு இன்னொரு வேலைதான் வைப்பான். மாறன் அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்: "அஞ்சு அஞ்சு நிமிஷமா அனுப்புங்க. சத்தம் இருந்தாலும் பரவாயில்ல. நான் ஒட்டிக்கிறேன். என்கிட்ட பேச வேண்டாம், தூங்குங்க." கடைசி வரிதான் காதல் வசனம். தனக்குக் கிடைக்கும் நேரத்தை அவன் திருப்பிக் கொடுக்கிறான்.

படி 11: முடிவு

கல்யாணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எபிலாக்கில் இரண்டாவது குழந்தை கட்டாயமில்லை. முதல் குழந்தை 'அவனுடையது இல்லை' என்ற குறையைச் சரிக்கட்ட வந்ததுபோல் அது ஆகிவிடும் ஆபத்து இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் எழுதிய அதே நாளை, அதே மணிக்கணக்கோடு மறுபடி எழுதுங்கள். எந்த வேலை யார் கைக்கு மாறியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். முன்பு படி 4-இல் அவளுக்கென்று வைத்த ஆசையும் ஏதோ ஒரு விதத்தில் நிறைவேறியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுக் காதலை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

படி 12: திருத்தும்போது

முதலில் ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் ஒரே கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள்: இந்த நேரத்தில் குழந்தை எங்கே? பதில் இல்லாத காட்சி எல்லாம் ஓட்டை. நாயகனோடு கடற்கரையில் நடந்துகொண்டிருக்கிறாள் என்றால் அகில் யாரிடம் இருக்கிறான் என்று ஒரு அரை வரியாவது வேண்டும்.

அடுத்து, குழந்தையின் வயதையும் மாதத்தையும் தனியாக எடுத்து படி 2 நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள். தொடராக எழுதும்போது, மூன்றாவது எபியில் 4 வயதாக இருந்த பிள்ளை இருபதாவதில் 3 வயதாகக் குறைந்துவிடும். கமெண்டில் ஒரு அக்கா கட்டாயம் பிடித்துவிடுவார்.

பிறகு 'தியாகம்', 'தெய்வம்', 'பெண்மை', 'முழுமை' ஆகிய நான்கு சொற்களையும் தேடிப் பார்த்து வெட்டுங்கள். வெட்டியும் கதை புரிந்தால் அவை தேவைப்படவே இல்லை.

கடைசியாக, வெளியிடும் முன் ஒரு வேலை. கதையில் கருச்சிதைவு, குழந்தை இறப்பு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இவற்றில் ஏதாவது வந்தால் முதல் அத்தியாயத்தின் மேலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். திருப்பம் தெரிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். அந்த வரியைப் பார்த்துவிட்டு இன்று வேண்டாம், இன்னொரு நாள் படிக்கலாம் என்று மூடி வைக்கும் வாசகி நிச்சயம் இருப்பார்.